அப்பாவின் மந்திரக்கோலும் சிலம்பக் கம்பும்: இரண்டு கலை தெரிந்த தகப்பனின் நினைவைக் காப்பது எப்படி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "பரணைச் சுத்தம் பண்ணிடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கு மட்டும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். மேடையில் மேஜிக் செய்து, களத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுத்த ஒருவர் விட்டுப்போகும் சாமான்களில் பாதி பார்வைக்குக் குப்பை மாதிரிதான் இருக்கும். கிழிந்த சீட்டு, ஓரம் தேய்ந்த காசு, மெழுகு உருண்டை, பொருத்தமில்லாத இடத்தில் தைத்த பை, பூண் கழன்ற கம்பு. இவற்றில் எது பழுது, எது அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்தது என்று வெளியாளுக்குத் தெரியாது. பல நேரம் வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது.

அதனால் படம் எடுக்கும்வரை எதையும் துடைக்கக் கூடாது, மடிக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. பெட்டியைத் திறந்தவுடன் மேலிருந்து ஒரு படம். ஒவ்வோர் அடுக்காக எடுக்க எடுக்க மறுபடியும் ஒரு படம். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல் வையுங்கள், அளவு தெரியும். ஒரு பொருள் எந்தப் பொருளோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் பின்னால் அதன் உபயோகத்தைச் சொல்லும். பிரித்து அழகாக அடுக்கிவிட்டால் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

குரலை முதலில் காப்பாற்றுங்கள்

மரமும் இரும்பும் ஒரு மாதம் காத்திருக்கும், கைபேசி காத்திருக்காது. ரீசார்ஜ் நின்றுபோனால் சில மாதங்களில் எண் முடங்கி வேறொருவருக்குப் போய்விடும். அதோடு அந்த எண்ணில் இயங்கும் வாட்ஸாப், ஜிமெயில் எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது நின்றுவிடும். குறைந்தது ஓர் ஆண்டாவது எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் நோட்டுகளை ஒவ்வோர் உரையாடலாக "எக்ஸ்போர்ட்" செய்து, மீடியாவையும் சேர்த்து வெளியே எடுங்கள். கோப்புகள் ஓப்பஸ் என்ற வடிவில் வரும். அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, கேட்பதற்கு எம்பி3 ஆக இன்னொன்று மாற்றிக்கொள்ளலாம். மாணவர்களிடமும் கேளுங்கள். "நாளைக்குக் காலைல 5 மணிக்கு வந்துடு" என்ற பத்து வினாடிக் குரல் யாருடைய கைபேசியிலாவது கிடக்கும். சிலம்ப ஆசான் தாளம் சொல்லும் குரலும், மேஜிக் கலைஞர் சிறுவர்களை மேடைக்கு அழைக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. இரண்டும் வேண்டும்.

மேஜிக் பெட்டி

முதலில் ஆபத்தானதைப் பிரியுங்கள். மேடையில் பளிச்சென்று எரிந்து மறையும் ஃபிளாஷ் காகிதமும் ஃபிளாஷ் பஞ்சும் நைட்ரோசெல்லுலோஸ். காய்ந்து பழசாகிப்போனால் வெயிலேறும் பரணில் அது நெருப்புக்குச் சமம். மெல்லிய திசுக்காகிதம் போன்றோ மஞ்சளடித்த பஞ்சு போன்றோ ஏதாவது பொட்டலத்தில் இருந்தால் தேய்க்காமல், அழுத்தாமல், தண்ணீரில் முழுக நனையுங்கள். ஈரமாகவே வைத்து, அனுபவமுள்ள மேஜிக் கலைஞரையோ தீயணைப்பு நிலையத்தையோ கேட்டு அப்புறப்படுத்துங்கள். ரசாயன மேஜிக் செய்தவர் என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் அடுத்தடுத்த புட்டிகளில் இருக்கக்கூடும். இரண்டும் கலந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தனித்தனி அறைக்கு மாற்றுங்கள். பெயர் எழுதாத புட்டியை முகர்ந்து பார்க்காதீர்கள்.

சீட்டுக்கட்டைக் கலைக்காதீர்கள். இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். ஒரு கட்டின் வரிசையே அவர் இரவெல்லாம் உட்கார்ந்து அமைத்த வேலையாக இருக்கலாம். கட்டைக் கையில் எடுத்தபடியே மேலிருந்து ஒவ்வொன்றாக 4 வரிசையில் விரித்து, முன்பக்கம் ஒரு படம், அதே வரிசையில் திருப்பிப் பின்பக்கம் ஒரு படம், பிறகு அதே ஒழுங்கில் உள்ளே. 52 இல்லையே, ஒரே சீட்டு இரண்டு மூன்று இருக்கிறதே என்று வேறு கட்டிலிருந்து எடுத்து "சரி" செய்யாதீர்கள். காசு, வளையம், கிண்ணம் எதற்கும் இதே விதி. செட்டாக இருந்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொடுத்தால் அந்த வித்தை அத்தோடு செத்துவிடும்.

கறுப்புக் கோட்டை டிரைகிளீனிங்குக்குக் கொடுக்க வேண்டாம். உள்ளே அவரே கைத்தையலில் வைத்த பைகள் இருக்கும். எந்தப் பக்கம், காலரிலிருந்து எத்தனை அங்குலம், வாய் எந்தத் திசையில் என்று அளந்து எழுதுங்கள். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, அகலமான மர ஹேங்கரில் பழைய பருத்தித் துணி சுற்றித் தொங்கவிடுங்கள். கம்பி ஹேங்கர் தோள்பட்டையைக் கிழித்துவிடும்.

பட்டுக் கைக்குட்டைகளை மடித்த மடிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டால் மடிப்போரம் வெடிக்கும். அட்டைக் குழாயில் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி அதன்மேல் உருட்டிவைப்பது நல்லது. ஸ்பாஞ்சுப் பந்துகளும் ரப்பர் சாமான்களும் வயதானால் பிசுபிசுத்து மாவாக உதிரும். அவற்றைக் காப்பாற்ற வழி கிடையாது. பட்டிலிருந்தும் சீட்டிலிருந்தும் தள்ளி, தனிப் பொட்டலமாகப் போடுங்கள், ஒட்டிக்கொண்டால் இரண்டும் போகும். இறகுப்பூக்களில் அந்துப்பூச்சி இருந்தால் காற்றுப்புகாத பையில் போட்டு ஃபிரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் இறகில் ஈரம் கோத்துக்கொள்ளும். நாப்தலின் உருண்டை சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நம் வீடுகளில் ஏட்டுக்கும் துணிக்கும் போட்ட வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும், துணியில் முடிந்து போடுங்கள்.

வெள்ளைப் புறாக்கள் இருந்தால் "ஆத்மா சாந்தி" என்று பறக்கவிடாதீர்கள். கூண்டில் பிறந்தவற்றுக்கு இரை தேடத் தெரியாது, முதல் நாளே காக்கையிடமோ பூனையிடமோ சிக்கிவிடும். ஜோடி பிரிக்காமல் புறா வளர்க்கும் கைக்குக் கொடுங்கள்.

ரகசியம் எழுதிய நோட்டு கிடைத்தால் என்ன செய்வது? செப்பிடு வித்தை காலந்தொட்டு இந்தத் தொழிலின் மூலதனமே மூடிய கைதான். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் குடும்பத்துக்குள் வையுங்கள். சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம், அது அவருடைய வாக்கை நாம் மீறுவது. சாமான்களை வேலை செய்துகொண்டிருக்கும் கலைஞர் ஒருவருக்குக் கொடுப்பது அலமாரியில் பூட்டுவதைவிட நல்லது என்பது எங்கள் கருத்து. மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் 1971 ஜனவரி 6 அன்று ஜப்பானில் காலமான பிறகு அவருடைய 'இந்திரஜால்' மேடை நிகழ்ச்சி நின்றுவிடவில்லை, மகன் பிரதீப் சந்திர சர்க்கார் அந்த மேடையைத் தொடர்ந்தார். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், எந்த வித்தையை யாரிடம் கொடுத்தோம் என்று கையெழுத்தோடு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பும் ஆயுதங்களும்

ஆசானின் சொந்தக் கம்பை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அடிப்பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, பிரம்பின் நிறம் தேன்நிறத்திலிருந்து கறுத்த பழுப்புக்கு மாறி, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அதற்கு மேலே இரண்டாவது கறை. முதல் கறை ஒரு கை, இரண்டாவது கறை மறு கை. இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்தால் அவர் கம்பைப் பிடித்த பிடி கிடைத்துவிடும். எந்தப் புகைப்படத்தையும்விடத் துல்லியமான பதிவு அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ வார்னிஷ் அடித்தாலோ அந்தக் கறை போய்விடும். நீளம் (பெரும்பாலும் நெற்றி உயரம்), அடி நுனி இரண்டின் சுற்றளவு, எடை, கணுக்களின் எண்ணிக்கை, பூண் பித்தளையா இரும்பா, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சுவரில் சாத்தி வைத்த பிரம்பு ஓராண்டுக்குள் வளையும். படுக்கைவாட்டில், 3 இடத்தில் தாங்கு கொடுத்து, தரையிலிருந்து எடுத்து வையுங்கள். கரையான் தரை வழியாகத்தான் ஏறும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் உலர்த்தி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ வேப்பெண்ணெயோ துணியில் நனைத்து முழுக் கம்புக்கும் தேய்த்தால் போதும். அதிகம் விட்டால் பிசுக்காகித் தூசி பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் நெடுக வெடிப்பு விழும்.

ஊசி முனை அளவு துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளுத்துப்பூச்சி. எண்ணெய் பூசினால் உள்ளே இருக்கும் புழு சாகாது. மற்றக் கம்புகளிலிருந்து பிரித்து, கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தைச் சிரிஞ்சால் துளைகளில் ஏற்றி, பாலித்தீனில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். பிறகு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் மறுபடி விழுந்தால் மருந்து இன்னொரு சுற்று. பூச்சி அரித்த கம்பை யாரும் வீசக் கூடாது, பாதி வீச்சில் முறிந்து துண்டு பறக்கும். அது இனி வணங்குவதற்கு மட்டும்.

சுருட்டிக் கட்டி வைத்த வளையும் வாளான சுருள்வாளை அவிழ்த்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பழக்கமில்லாதவர் கட்டை அவிழ்த்தால் வில்லாக நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். மூத்த மாணவர் ஒருவர் கையுறை போட்டு அவிழ்க்கட்டும். துருவை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் சிக்குப் பிடிக்கும்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மான் கொம்பு ஆயுதம் உண்மையான கொம்பாக இருந்தால் அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். வாரிசாக உங்கள் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். அப்பாவின் பெயரில் உரிமைச் சான்றிதழ் இருந்ததா என்று பழைய கோப்புகளில் தேடுங்கள். இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரோடு வனத்துறைக்குப் போவதே நல்லது. மாணவனுக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள், வாங்கிக்கொள்பவரும் மாட்டிக்கொள்வார். வாள், ஈட்டி போன்றவற்றைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகுமுன் காவல் நிலையத்தில் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

காகிதம், படம், நாடா

பழைய நோட்டீஸ், சான்றிதழ், மாணவர் பெயர் எழுதிய பதிவேடு: எதற்கும் லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, காகிதம் உள்ளேயே பழுத்துப்போகும். செல்லோ டேப்பும் அப்படித்தான். மடிந்த போஸ்டரை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் எடையும் ஏற்றி ஒரு வாரம் விட்டால் தானாகச் சமமாகும்.

புகைப்படங்களை 600 டிபிஐ அளவிலும், 35 மி.மீ. நெகட்டிவ்களை 2400க்குக் குறையாமலும் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்டால் எழுதினால் முன்பக்கம் எழும்பும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், இடமும் ஆண்டும் நிற்பவர் பெயரும். விஎச்எஸ் கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள், நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். நாடாவும் அறுபடும், ஹெட்டும் வீணாகும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். நல்ல கேசட்டை 720×576 அளவில், அதன் சொந்த 25 ஃபிரேம் வேகத்திலேயே பதிவிறக்குங்கள். முதல் பிரதியில் "தெளிவாக்கும்" மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம், விரல் அசைவுகளை அது அழித்துவிடும். மொத்தம் 3 பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

சுவரில் மாட்டும் படத்துக்கு அசலைப் போடாதீர்கள், நகல் எடுத்துப் போடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுண்ட் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்குவதே வழக்கமாகிவிட்டது. கைகள் தெரிகிற படமாகத் தேடுங்கள். இவரை எல்லோரும் பார்த்தது கைகளைத்தானே.

மாணவர்களிடம் இருக்கும் பாடம்

நேரமும் பணமும் குறைவாக இருந்தால் கைபேசி, தீப்பிடிக்கும் சாமான், வனத்துறைக் கெடு இவை தவிர மேலே சொன்ன எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். கம்பு எங்கேயும் போகாது, மாணவர்கள் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவார்கள், உடம்பு மறந்துவிடும்.

எந்த ஆசானும் எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் கொடுப்பதில்லை. உயரமானவனுக்கு ஒரு காலடி, குள்ளமானவனுக்கு வேறு. 1990களில் வந்தவர்களுக்குக் குத்துவரிசை என்னும் வெறுங்கைச் சண்டை, பின்னால் போட்டிக்குத் தயாரானவர்களுக்கு அலங்கார வீச்சு. அதனால் பதிவேட்டிலிருந்து பத்தாண்டுக்கு இருவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வந்தவர், இடையில் வந்தவர், கடைசியில் வந்தவர் மூவரும் கட்டாயம். பெண் மாணவிகளை மறக்காதீர்கள், அவர்களுக்குச் சொன்ன தற்காப்புப் பாடம் ஆண்களுக்குத் தெரிந்தே இருக்காது.

தரையில் சுண்ணாம்புக் கோட்டால் ஓரடிக் கட்டங்கள் போடுங்கள், 12க்கு 12 போதும். காலடி எங்கே விழுகிறது என்று பின்னால் எண்ணிப் பார்க்கலாம். கேமராவை முக்காலியில், மார்பு உயரத்தில், அசையாமல். சுழலும் கம்பின் இரு நுனியும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு அகலம் ஏறக்குறைய 15 அடி பிடிக்கும். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த வீடியோ எதற்கும் உதவாது. ஒரே வரிசையை 4 தடவை: முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து, கடைசியாக வாயால் கணக்குச் சொல்லியபடி மெதுவாக. பின்னாலிருந்து எடுத்ததுதான் கற்றுக்கொள்பவனுக்கு மிகவும் வேண்டியது, கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறாது. காலை வெயிலில், கேமராவுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி எடுங்கள். மாலை மங்கலில் கம்பு வெறும் கோடாகத் தேய்ந்துவிடும். நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் குறைய வேண்டாம்.

கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். கையில் கம்பைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்:

- முதல் நாள் எதைச் செய்யச் சொன்னார்? எத்தனை நாள் அதையே செய்தீர்கள்?
- தப்பு செய்தால் எங்கே தொட்டுத் திருத்துவார்? தொட்டுக் காட்டுங்கள்.
- எந்த அடியை உங்களுக்குச் சொல்லித் தர மறுத்தார்?
- களத்தில் நுழையும்போது மண்ணை எப்படித் தொட்டார்?

ஒரே வரிசையை இருவர் வேறுவேறாகச் செய்வார்கள். எது சரி என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதலில் தனித்தனியாகப் பதியுங்கள், பிறகு இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் பதியுங்கள். இரண்டும் அவர் கொடுத்ததாகவே இருக்கலாம், 20 வருட இடைவெளியில் அவரே மாற்றியிருக்கலாம். பெயர்களையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். காலடிக்கும் வீச்சுக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும், புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினால் அவர் ஊர் போய்விடும்.

வர்மப் பாடம் பதிவாக வேண்டாம். அதை யாருக்குச் சொன்னார் என்பதை மட்டும் எழுதிவைத்தால் போதும்.

மேஜிக்குக்கு இதே வேலை வேறு மாதிரி. வித்தையின் உள்ளே போகாமல், அவர் பேசிய பேச்சைத் திரட்டுங்கள். சிறுவனை மேடைக்குக் கூப்பிட்டால் என்ன பெயர் வைப்பார், காசு காதிலிருந்து வருவதற்கு முன் எத்தனை நொடி சும்மா நிற்பார், வித்தை சொதப்பினால் எப்படிச் சமாளிப்பார். கூடவே போன உதவியாளர், மைக் செட்காரர், பள்ளி விழாவில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா ஆகியோருக்குத்தான் இது நன்றாக நினைவிருக்கும். சொல்லை அப்படியே, பேச்சுத்தமிழிலேயே எழுதுங்கள்.

நினைவு நாள்

முதலாண்டுத் திதி வீட்டோடு முடியட்டும். கலைக்கான நாளைத் தனியாக, ஒரு ஞாயிறு காலை 7 மணிக்கு, அவர் பாடம் சொன்ன களத்திலேயே வைப்பது நல்லது. 75 நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பேச்சு மொத்தமும் 15 நிமிடம், மற்றதெல்லாம் கை.

மேஜிக் உலகத்தில் கோல் முறிக்கும் சடங்கு ஒன்று உண்டு. 1926 அக்டோபர் 31 அன்று இறந்த ஹாரி ஹூடினியின் இறுதிச் சடங்கில் அமெரிக்க மேஜிக் கலைஞர்கள் சங்கம் அதைச் செய்தது. கலைஞன் போனதும் கோல் வெறும் குச்சி என்று பொருள். நம் வீட்டிலும் செய்யலாம், ஆனால் அவருடைய கோலையே முறிக்காதீர்கள். ஓரடி நீளத்தில் மெல்லிய மரக்கோல் புதிதாக வாங்கி, நடுவில் முக்கால் பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் கீறி, மெழுகு அடைத்துக் கறுப்பு பூசுங்கள். கீறாவிட்டால் மேடையில் நாலு தடவை முட்டியில் வைத்துத் திணற வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் அது யாருக்கும் தாங்காது. இன்னொரு மேஜிக் கலைஞர் முறிப்பது முறை. கீறிய பக்கம் வெளியே பார்க்கும்படி அவர் கையில் கொடுங்கள்.

சிலம்பக் கம்பை முறிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, வேண்டவும் வேண்டாம். அவர் கம்பை மாலை போட்டு நாற்காலியில் சாத்தாமல் மண்மேல் விரித்த துண்டில் கிடத்துங்கள். மூத்தவர் முதல் இளையவர் வரை மண் தொட்டு வணங்கி, வணக்க வரிசையை எல்லோரும் ஒன்றாகச் செய்யட்டும். ஆளுக்கு ஆள் 12 அடி இடைவெளி, பார்ப்பவர்கள் 20 அடி தள்ளி, முன்வரிசையில் கைக்குழந்தை வேண்டாம். தீப்பந்தம் அன்றைக்கு வேண்டாம், கலங்கிய கண்ணோடு சுற்றுகிற பந்தம் ஆபத்து.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அவன் நெற்றி உயரத்துக்கு ஒரு புதுப் பிரம்பு வெட்டி வைத்திருங்கள். வணக்கம் முடிந்ததும் மூத்த மாணவர் அதை அவன் கையில் கொடுத்து, அப்பா கம்பில் அளந்த அந்த இடைவெளியில் இரண்டு கையையும் வைத்துக் காட்டட்டும். சின்னக் கைக்கு எட்டாது. எட்டும் இடத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி முதல் காலடியைத் தொடங்கலாம்.